நாக்கால் அளந்தவள்

அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பீச்சில் பாதிப் பேருக்கு இன்றைக்கே தெரிந்துவிடும். மீதிப் பேர் நாளைக்கு என் வண்டி முன்னால் வந்து நின்றுகொண்டு, அது அந்தப் பலூன்காரிதானே என்று கேட்பார்கள். எண்ணெய் காய்கிற நேரத்தில் எனக்கு அந்தப் பேச்சு ஆகாது.

பெசன்ட் நகர் பீச்சில் எனக்கு பஜ்ஜிக் கடை. எனக்கு வலது கைப் பக்கம் அவளுடைய பலூன் சுடும் கடை இருந்தது. இப்போது அந்த இடத்தில் சோளம் சுடுகிறார்கள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மூங்கில், அதில் கட்டிய பலகை, பலகை நிறைய பலூன், பின்னால் தொங்கும் சாக்கு, முன்னால் ஸ்டூல் மேல் இரண்டு பழைய ஏர்கன். அவள் புருஷன் கொஞ்சம் தள்ளி, பிள்ளைகள் ஏறும் சின்ன ராட்டினத்தைக் கையால் சுற்றுவான். அதிகம் பேசாத ஆள். வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

அவள் பேசும்போது இடது கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் பல்வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது ஈயக்குண்டு. துப்பாக்கியில் போடுகிற குண்டை அவள் டப்பாவில் வைத்து நான் பார்த்ததே கிடையாது. ஒரு கை குண்டை வாயில் அடக்கிக்கொள்வாள். வாடிக்கையாளர் சுட்டு முடித்ததும் துப்பாக்கியை வாங்கி, தொடையில் வைத்து மடக்கி, உதட்டுக்கு வந்து நிற்கும் குண்டை எடுத்துக் குழாயில் வைத்து, நிமிர்த்திக் கொடுத்துவிடுவாள். தையல்காரர் குண்டூசியை உதட்டில் வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த வேகத்தைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள். நான் பஜ்ஜி கொடுத்தால் குண்டை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு மறுபக்கம் மெல்லுவாள். பஜ்ஜி முழுங்கினியா குண்டு முழுங்கினியா என்று நான் கிண்டல் செய்வேன். 

கடைக்குண்டு டப்பாவாகவே கிடைக்கும். பீச்சில் மற்ற பலூன்காரர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள். இவளுக்கு அது பிடிக்கவில்லை. இவளுடைய துப்பாக்கி இரண்டும் தேய்ந்துபோன பழசு, குழாய் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. கடைக்குண்டு ஒன்றில் தொளதொளவென்று உருண்டு விழும், இன்னொன்றில் தொண்டையில் சிக்கின முள் மாதிரி மாட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு துப்பாக்கிக்கும் தனித்தனி அச்சு வைத்துக்கொண்டு வீட்டிலேயே குண்டு ஊற்றினாள்.

என் வண்டியை ஊரூர் குப்பத்தில் அவள் வீட்டு வாசலில்தான் நிறுத்துவேன். காலையில் மாவு, பாத்திரம் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே அறை. மூலையில் இரண்டு அடுப்பு. ஒன்றில் சோறு கொதிக்கும், ஒன்றில் இருப்புச்சட்டியில் ஈயம் உருகும். டயர் கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போட்ட ஈயத்துண்டு, குப்பத்து ஆட்கள் கொடுக்கிற பழைய வலையின் குண்டு, முதல் நாள் சாக்கில் விழுந்ததைப் பொறுக்கி மணல் சலித்தது, எல்லாம் அதே சட்டிக்குள் போகும். மேலே வரும் கசடைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அச்சில் ஊற்றுவாள். அச்சைத் திறந்தால் ஈரச் சாக்கில் குண்டு டப்டப்பென்று விழும். சட்டி சூடு ஒரு பொட்டு மாறினால் குண்டின் விட்டம் மாறிவிடும் என்பாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

அவளுக்கு அப்படித் தெரியாது. குண்டு ஆறியதும் ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு அதை ஒரு உருட்டு உருட்டுவாள். பிறகு உள்ளங்கையில் துப்பி இடது பக்கம், வலது பக்கம், சட்டிக்குத் திரும்ப என்று மூன்றாகப் பிரிப்பாள். துப்பாக்கிக் குழாயில் போட்டுப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். போட்டால் ஒன்றுகூடத் தப்பாது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்ளே போகும், தானாக விழாது.

ஏன்டி, அளக்க ஒரு கருவி வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். ஈயத்தை வாயில் வைத்தபடியே சொன்னாள்.

"கண்ணு ஏமாத்தும்க்கா. நாக்கு ஏமாத்தாது. பல்லு சந்துல ஒரு முடி மாட்டிக்கினா இன்னா மாறி தெரியுது? கயிறு மாறி தெரியுதுல்ல? அத்தான்."

லேசாக இனிக்கும் என்றும் சொன்னாள். எனக்கு ஒன்று நீட்டினாள். எனக்கென்ன தலையெழுத்தா, போடி என்று தள்ளிவிட்டேன். பயந்து தள்ளவில்லை, எச்சில் என்று தள்ளினேன்.

அளவு பெரிதாகிப்போன குண்டைச் சில நாள் திரும்ப உருக்க மாட்டாள். சப்பாத்திக் கட்டையில் வைத்து மேலே பழைய தோசைக்கல்லால் அழுத்தி உருட்டி உருட்டி இளைக்க வைப்பாள். ராத்திரி அதே கட்டையில் சப்பாத்தி. கழுவிவிட்டுத்தான் தேய்ப்பாள், அதில் குறை சொல்ல முடியாது. சுத்தக்காரிதான்.

அளவு அவளுக்கு ஒரு கிறுக்கு. என் பஜ்ஜிக்குச் சீவிய வாழைக்காயை எடுத்து நாக்கில் வைத்து, இது தடிப்பு, இது மெல்லிசு, உள்ளே வேகாமல் போகும் என்று பிரித்து வைப்பாள். என் வாடிக்கை முன்னாலேயே செய்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் பலூனைப் போய்ப் பாருடி என்று கரண்டியைக் காட்டுவேன். உப்பு, கோபம், புருஷன் சனிக்கிழமை குடிக்கிற குடி, எதுவானாலும் அவளிடம் ஒரே வார்த்தைதான், அளவாக இருந்தால் யாரையும் கெடுக்காது. சொல்லிவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டுவாள். அப்போது எனக்கு அவளைக் கிள்ளத் தோன்றும், கொஞ்சவும் தோன்றும்.

அந்த அளவை வைத்துக்கொண்டு அவள் செய்த அக்கிரமமும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருத்தன், தான் பள்ளிக்கூடத்திலேயே துப்பாக்கி பிடித்தவன் என்று ஆரம்பித்தான். கூட வந்த பெண்ணைப் பார்த்து, உனக்கெல்லாம் கண்ணாடி போட்டும் பலூன் தெரியாது என்று சிரித்தான். இவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கன்னத்தில் ஒரு துழாவல். அவனுக்குப் போட்ட குண்டெல்லாம் இளைத்த குண்டு. காற்று ஓரமாகக் கசிந்து போய், குண்டு பலகைக்கு முன்னாலேயே மண்ணில் விழுந்தது. அவன் மூச்சை அடக்கி அடக்கிச் சுட்டான். அடுத்து அந்தப் பெண் துப்பாக்கியை எடுத்தாள். இவள் மறுபடி ஒரு துழாவல். வரிசையாகப் பலூன் வெடித்தது. அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சிரித்த சிரிப்பில் என் சட்டியில் கிடந்த மிளகாய் பஜ்ஜி கருகிப்போனது. வாய்க்குள் எது எந்த அளவு என்று நாக்குக்கே தெரிகிற ஒரு பொம்பளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு குழந்தை, இவளைப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் கிடந்த குண்டை எடுத்துத் தானும் வாயில் போட்டுக்கொண்டது. அதன் அம்மா பதறிப்போய் வாயில் விரலை விட்டு எடுத்தாள். இவள் அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். முழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், ஒன்றும் ஆகாது, நான் தினமும்தான் வைத்துக்கொள்கிறேன் என்றாள். நானும் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடியே ஆமாம் என்று தலையாட்டினேன்.

இத்தனை பேச்சுக்கும் சிரிப்புக்கும் அடியில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. குழந்தை வேண்டும். மூன்று தடவை தங்கி மூன்று தடவையும் கலைந்துபோனது. மூன்றாவது ஆறு மாதம் வரைக்கும் வந்தது. அன்றைக்கு ஆட்டோவில் அவளைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். என் புடவையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரி வாசலில் அவள் மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி, இது வயிறு இல்லை, ஓட்டைப் பானை என்று சொன்னாள். அந்தக் கிழவியை நான் அன்றைக்குப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. வாட்ச்மேன் வந்துதான் விலக்கினான்.

பீச்சை ஒட்டித்தான் வேளாங்கண்ணி மாதா கோயில். இவர்கள் வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் குப்பத்தில் மாதா எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு வருஷமும் திருவிழாக் கொடி ஏறும்போது மஞ்சள் கயிற்றில் ஒரு சின்ன மரத்தொட்டில் கட்டிவிட்டு வருவாள். முட்டி போட்டு மணலில் நடந்திருக்கிறாள், மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள், விரதம் இருந்திருக்கிறாள். விரதத்தன்று பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. கடைக்கு வந்ததும் குண்டு மட்டும் வாய்க்குள் போகும். அது சாப்பாடு இல்லையே.

மூன்றாவது போன பிறகு கொஞ்ச நாளிலேயே கடைக்கு வந்துவிட்டாள். வீட்டில் படுக்கச் சொல்லித் திட்டினேன். வீட்டில் உட்கார்ந்தால் தொட்டில் கொக்கிதான் கண்ணில் படுகிறது என்றாள். அப்போதும் கன்னம் உப்பியிருந்தது.

ஊரடங்கு முடிந்து பீச்சைத் திறந்த அடுத்த வருஷம் அவள் உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிடுவாள். ஏர்கன்னை மடக்கக் கையில் பலமில்லாமல் மணிக்கட்டு தொங்கியது. சுடுகிறவர்களையே மடக்கித் தரச் சொன்னாள். சிரித்தால் ஈறு ஓரத்தில் மையால் கோடு இழுத்த மாதிரி தெரிந்தது. பல்பொடியை மாற்று என்றேன். அவளும் மாற்றினாள். அந்த நேரத்தில்தான் நான்காவது தடவை தங்கியது. சுண்டல் பொட்டலம் கட்டுகிற பெண்ணிலிருந்து குதிரைக்காரன் வரைக்கும் யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். சந்தோஷப்படக்கூடப் பயந்தாள்.

நான்காவது மாதம் பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தம் குறைவு என்றாள். வாயைத் திறக்கச் சொன்னாள். டார்ச் அடித்து வெகு நேரம் பார்த்தாள். வெற்றிலை பாக்கு உண்டா, புகையிலை உண்டா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. என்ன வேலை என்று கேட்டாள். அப்போது இவளுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். பலூன் கடை, குண்டு நானே ஊற்றுவேன், கடைக்குண்டெல்லாம் என் குண்டுக்கு முன்னால் நிற்காது என்று ஆரம்பித்து, நாக்கில் உருட்டி அளவு பார்க்கிற வித்தை வரைக்கும் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 

வேறொரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தாள். அது வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் ஈயத்தைத் தொடவே கூடாது, அடுப்புப் பக்கமே போகாதே என்றாள். என்ன ஏது என்று அப்போது விளக்கவில்லை. இவள் வீட்டுக்கு வந்து, டாக்டருங்க அப்படித்தான் எதையாவது தொடாதே என்பார்கள் என்று சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். நாக்கில் வைத்த ஈயம், அடுப்பில் கிளம்பின புகை, கையில் ஒட்டின தூள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. எலும்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. வயிற்றில் குழந்தை வளர ஆரம்பித்தால் அம்மா எலும்பிலிருந்து சத்து இறங்கும், கூடவே அதுவும் இறங்கும். முன்னால் கலைந்த மூன்றுக்கும் இது காரணமாக இருந்திருக்கலாம் என்றாள். இருக்கலாம் என்றுதான் சொன்னாள், நிச்சயம் என்று சொல்லவில்லை.   மஞ்சள் கயிறு, தொட்டில், முட்டி போட்ட மணல், விரதம், எல்லாவற்றையும் அந்த டாக்டர் ஒரு வரியில் குப்புறக் கவிழ்த்துவிட்டாள்.

இவள் அழவில்லை. ரிசல்ட் தாளைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, இருந்தாலும் பார்த்தாள்.

"எவ்ளோ இருந்தா சரி, டாக்டரம்மா?"

"சரியான அளவுன்னு இதுக்கு ஒண்ணு கிடையாதும்மா. இருக்கவே கூடாது."

புரியாத பாஷையில் பேசின மாதிரி இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உப்புக்கு, கோபத்துக்கு, சாராயத்துக்கே ஒரு அளவு வைத்திருந்தவள்.  எழுந்திரு, போகலாம் என்றேன்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். அவள் ஏதோ யோசனையில் வாயைத் துழாவினாள். உள்ளங்கையை விரித்துத் துப்பினாள். ஒரு குண்டு. டாக்டர் பேசின அத்தனை நேரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. தொடாதே என்று சொல்லி ஒரு வாரம் ஆகியும் காலையில் எப்போது அதை எடுத்து வாயில் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்தபடி இருந்தாள்.  நான் பிடுங்கி ரோட்டில் வீசினேன்.

"அந்தக் கெழவி என்னை ஓட்டைப் பானைன்னுச்சேக்கா. ஓட்டையெல்லாம் இல்ல. மூணும் நல்லாத்தான் தங்கிக்கீது." முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள். "வாயில வெச்சிக்கினே கொன்னுட்டேன்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றுதான் சொன்னாள் என்று நான் சொல்லியிருக்கலாம்.  ஊரையே வாயால் அடக்குகிறவள், அன்றைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தேன். யார் மேல் கோபப்படுவது? யாரும் அவளை ஏமாற்றவில்லை. ஊற்று என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான் அவள் செய்த பாவம். இதை நினைக்கும்போதெல்லாம் மாதாவிடம்கூட எனக்கு ஆத்திரம் வருகிறது. தெரிந்திருந்தால் ஒரு கனவிலாவது வந்து சொல்லியிருக்கலாமே.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் புருஷன் ஏர்கன் இரண்டையும் யாருக்கோ கொடுத்தான். சட்டி, அச்சு, சப்பாத்திக் கட்டை எல்லாவற்றையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்தினான். தரையையும் சுவரையும் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினான். அவ்வளவு பேசாத மனிதன், கழுவும்போது சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். மறுநாள் அவளைக் கோவளத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். மாத்திரை, பால், கீரை, வாராவாரம் ஆஸ்பத்திரி. போனில் கூப்பிட்டால், இன்னும் இருக்குதுக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஐந்தாவது மாதம் தாண்டியது. ஆறாவது மாதம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஏழு வந்தது, எட்டு வந்தது.

குறித்த நாளுக்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். உயிரோடு பிறந்தது. செய்தி வந்ததும் வண்டியைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு கை நீளம்கூட இல்லை, ஆனால் அழுகிற அழுகை வார்டையே கூட்டியது. குழந்தை ரத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மற்றபடி பயப்பட வேண்டாம், தாராளமாகத் தூக்கலாம், பால் கொடுக்கலாம், கொஞ்சலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

அவள் கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மறு ஓரத்தில் கிடந்தது. வாயை முந்தானையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டு கையும் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் தூக்குகிறாளாம், முடித்ததும் கீழே வைத்துவிடுகிறாளாம். நர்ஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று அவள் அம்மா என்னிடம் அழுதாள். பைத்தியமாடி உனக்கு, டாக்டரே சொல்லியாச்சு, அவிழ்த்துப் போடு அந்தத் துணியை என்று நானும் அதட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுக்கொண்டேன். அவள் நகர்ந்து கிட்டே வந்தாள். ஒரு முழம் தள்ளியே நின்றுகொண்டாள்.

"அக்கா, நீ ஒரு முத்தம் குடு. நான் பாத்துக்கினு கீறேன்."

குனிந்து கொடுத்தேன். கட்டின துணிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, இந்தப் பக்கமும் என்று குழந்தையின் மறு கன்னத்தைத் தொடாமல் விரலால் காட்டினாள்.